ஹெந்தளை என்று நான் சொன்ன ஞாயிறு

என் கூட்டாளியின் தாடையை அவளுடைய புருசன் உடைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். ஹெந்தளையில், ஒரு வீட்டின் பின்பக்கத்தில் ஒட்டிக் கட்டிய அனெக்ஸில், அவள் சோறு வடித்துக்கொண்டு நின்றாள். பின்னால் வந்து கொண்டையில் பிடித்து, குசினிச் சீமெந்துத் தட்டின் விளிம்பில் முகத்தை மோதினான். ஒரு தரம் இல்லை, நாலு தரம். ஒன்பது வயது மகள் வாசலில் நின்று பார்த்தாள். கொதிக்கிற கஞ்சி தன் காலில் கொட்டியது என் கூட்டாளிக்கு அப்போது தெரியவே இல்லையாம். மூன்றாவது மோதலிலேயே தாடை கழன்றுவிட்டது, நாலாவது சும்மா.

அவள் அங்கே ஒளிந்திருக்கிறாள் என்று கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனையில் தெரிந்த ஒரே ஆள் நான். அந்த இடத்தை அவனுடைய காதுவரைக்கும் கொண்டுபோனது என் வாய்.

நானும் அவளும் ஒரே ஒழுங்கையில் வளர்ந்தவர்கள். கோயிலில் முதல் நன்மை வாங்கிய நாளுக்கு ஒரே துணியில் சட்டை தைத்துப் போட்டோம். நான் கலியாணம் கட்டவில்லை. துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் கொம்பனியில் பத்திரங்கள் டைப் பண்ணுகிற வேலை. அவள் கட்டினாள். கட்டும் முன் என்னிடம்தான் வந்து கேட்டாள்.

"ஆள் எப்பிடியடி? எனக்கு ஏனோ பயமாக் கிடக்கு."

"இப்பிடி வாசிக்கிற மனுசன் கெட்டவனா இருக்க ஏலாது," என்றேன்.

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். ஞாயிறு இரண்டாம் பூசைக்கு அவன்தான் வேத வாசகம் வாசிப்பான். துறைமுகத்தில் சூப்பவைசர் வேலை பார்க்கிற ஆளின் தொண்டையில் இப்படி ஒரு குரல் எப்படி வந்தது என்று எல்லாரும் ஆச்சரியப்படுவார்கள். ஒரு சொல்லையும் விழுங்கமாட்டான். பெரிய வெள்ளியன்று ஆண்டவருடைய பாடுகளை அவன் வாசிக்கும்போது கோயிலில் ஃபேன் சுத்துகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். வயசான பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். எங்கள் செபக் கூட்டத்துக்கும் அவன்தான் தலைவன். எல்லாரும் "சகோதரர்" என்றுதான் கூப்பிடுவோம். அவர்களுடைய பிள்ளைக்கு நான் ஞானத்தாய்.

ஒரு பெரிய வெள்ளியன்றுதான் எனக்கு விசயம் தெரிந்தது. வேர்வை ஊற்றுகிற அந்த வெக்கையில் அவள் முழுக்கைச் சட்டை போட்டு வந்திருந்தாள். முழங்காலில் நின்று எழும்பும்போது பெஞ்சைப் பிடித்தாள், கை மேலே ஏறியது. முன்கையில் அயன் பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. தோல் உரிந்து, நீர் கோத்து, சட்டை அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னடி இது?"

"அவர்ட சேட்டில ஒரு மடிப்பு விழுந்திட்டுது."

அந்தச் சேட்டைப் போட்டுக்கொண்டு அவன் எங்களுக்கு முன்னால் நின்று வாசித்துக்கொண்டிருந்தான். ஆண்டவரைச் சாட்டையால் அடிக்கிற இடம் வந்தது. அவன் குரல் கொஞ்சம் உடைந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி தேம்பினாள்.

வழிபாடு முடிந்ததும் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கக்கூசுக்கு அவளைக் கூட்டிப்போய் அந்தக் கையைப் போனில் படம் எடுத்தேன். எதுக்கு என்று கேட்டாள். கிடக்கட்டும் என்றேன். யாருக்கும் சொல்லக் கூடாது, ஃபாதருக்கும் சொல்லக் கூடாது என்று பிள்ளை மேல் சத்தியம் வாங்கினாள்.

நான் சொல்லவில்லை. அதை விசுவாசம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சனிக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். "வாங்கக்கா, தேத்தண்ணி குடிப்பம்," என்று அவன்தான் சிரித்தபடி கதவைத் திறந்தான். அவள் குசினிக்குள்ளிருந்து கோப்பையோடு வந்தாள். கீழ் உதடு பிளந்து, நாடியில் இரத்தம் காய்ந்திருந்தது. அவன் அடுத்த ஞாயிறு வாசகத்தைப் பற்றி என்னோடு கதைத்தான். நான் அந்தத் தேத்தண்ணியை முழுக்கக் குடித்தேன். சீனி போதுமா என்று அவள் கேட்டாள். போதும் என்றேன்.

இப்படியே இரண்டு வருசம் போனது. பிறகு ஒரு காலையில், பள்ளிக்கூட உடுப்போடு நின்ற மகளைக் கையில் பிடித்துக்கொண்டு என் வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் காதுக்குக் கீழே நாலு விரலும் தெரிந்தன.

"இனி ஏலாது. இவளுக்கும் கை நீட்டிட்டான்."

என்னோடு வேலை செய்கிற ஒரு சிங்களப் பெண்ணின் தாய்க்கு ஹெந்தளையில் வீடு. பின்னால் அனெக்ஸ் சும்மா கிடந்தது. அன்றைக்கே த்ரீவீலில் மட்டக்குளிப் பாலத்தைக் கடந்து அவர்களை அங்கே கொண்டுபோய் விட்டேன். நான் திரும்பும்போது அவள் என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள்.

"உன்ட வாயை மட்டும் மூடிக்கொள்ளு. எனக்கு வேறொண்டும் வேணாம்."

மூன்று கிழமை மூடியிருந்தேன். கொட்டாஞ்சேனையில் அவன் தன்னுடைய கதையைப் பரப்பிவிட்டான். அவள் யாரோ ஒருத்தனோடு போய்விட்டாளாம், பிள்ளையையும் கொண்டுபோய்விட்டாளாம். பூசை முடிந்து ஆட்கள் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது ஞாயிறு பின்னேரம் செபக் கூட்டம். அன்றைக்கு அவன் வரவில்லை. ஆறு பெண்கள்தான். மன்றாட்டு நேரம் எல்லாரும் கண்ணை மூடியிருந்தோம். எங்களில் மூத்தவர் ஒரு ரிட்டயர்ட் ரீச்சர், அரைவாசிக் கொட்டாஞ்சேனைக்கு எழுத்துப் படிப்பித்தவர். அவர் சத்தமாகச் சொன்னார்:

"ஆண்டவரே, புருசனை விட்டு வேற ஆம்பிளையோட போன அந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தி குடும்."

மற்றவர்கள் "ஆமென்" என்றார்கள். எனக்கு உச்சந்தலை கொதித்தது. கண்ணைத் திறக்காமலே வாயைத் திறந்தேன்.

"ஆண்டவரே, ஹெந்தளையில ஒரு அனெக்ஸில பிள்ளையோட தனிய இருக்கிற உமது மகளைக் காப்பாற்றும். அவள் ஒருத்தனோடயும் போகேல்லை எண்டு உமக்குத் தெரியும்."

அறை அப்படியே அடங்கிப் போனது. அவளுக்காகக் கோபப்பட்டுத்தான் சொன்னேன் என்று கனகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். அது பாதிதான். மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது, அதைச் சொன்னதும் ஐந்து பேரும் மூச்சை அடக்கினார்கள். அந்த அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இதுதான் மற்றப் பாதி.

வீட்டுக்கு நடந்து வரும்போதே, ஐந்து பேரும் நல்ல மனுசர், செபத்தில் சொன்னது வெளியே போகாது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளுக்குப் போன் எடுத்து இடத்தை மாற்றச் சொல்லியிருக்கலாம். எடுத்தால் நான் சொன்னதை ஒத்துக்கொள்ள வேணும். எடுக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஒபிசுக்கு ஹெந்தளை வீட்டுக்கார அம்மா போன் எடுத்தா. சிங்களத்தில் கத்தினா. அதில் "லே, லே" என்றது மட்டும்தான் விளங்கியது. இரத்தம், இரத்தம்.

ராகமை ஆஸ்பத்திரியில் அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகம் ஒரு பக்கம் வீங்கிக் கறுத்து, கண் உள்ளே போய்விட்டது. முன்பற்கள் இரண்டு இல்லை. மேல்தாடையையும் கீழ்த்தாடையையும் சேர்த்துக் கம்பி கட்டியிருந்தார்கள். ஆறு கிழமைக்கு வாய் திறக்க ஏலாது, குழாயால்தான் சாப்பாடு. நேர்ஸ் ஒரு கொப்பியும் பேனையும் கொடுத்திருந்தா. என்னைக் கண்டதும் அவள் அதில் எழுதினாள்.

"யார் சொன்னது?"

"தெரியாது," என்றேன்.

அவள் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. அதுதான் இன்றைக்கும் தாங்க முடியாதது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, கட்டில் ஓரத்தில் நின்ற மகளைக் கிட்ட இழுத்தாள். கொப்பியில் எழுதி அவளுக்குக் காட்டினாள். "அப்பாவோட போன்ல கதைச்சனியா?"

"இல்லையம்மா."

அவள் மறுபடி எழுதினாள். "உண்மை சொல்லு." பேனை தாளைக் கிழித்தது.

"நான் சொல்லேல்லையம்மா! நான் சொல்லேல்லை!"

அவள் பிள்ளையின் கையைப் பிடித்து உலுக்கினாள், நகம் பதியக் கிள்ளினாள். வாய் திறக்க முடியாததால் தொண்டைக்குள்ளிருந்து ஒரு மிருகச் சத்தம் வந்தது. பிள்ளை விக்கி விக்கி அழுதது. வாட்டில் இருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அது என் ஞானப்பிள்ளை. ஞானஸ்நானத்தன்று கோயிலில் அதன் தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அதற்குப் பொறுப்பு என்று வாக்குக் கொடுத்தவள் நான். இரண்டு அடி தள்ளி நின்று, கையில் தோடம்பழப் பையோடு, பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து கோயில் வளவில், அன்றைக்கு முதலில் மன்றாடிய அந்த ரீச்சரை மறித்தேன்.

"அவனுக்கு நீங்கள்தானே சொன்னது?"

அவர் முகம் வெளுத்திருந்தது. "பிரிஞ்ச குடும்பம் சேரட்டும் எண்டு சொன்னனான். ஹெந்தளையில ஆரிட்ட அனெக்ஸ் இருக்கு எண்டு அவர் தேடிப் பிடிப்பார் எண்டு எனக்குத் தெரியுமா? நல்லதுக்குத்தான் பிள்ளை..."

"நல்லதுக்கா? போய் அவள்ட முகத்தைப் பாருங்கோ!"

"எனக்கு ஆர் சொன்னது?" என்று அவர் திருப்பிக் கேட்டார். கோபமாக இல்லை, மெதுவாகத்தான். "எனக்கு நீங்கதானே சொன்னது."

நான் அவரை அறைந்தேன். எழுபது வயது மனுசி. கண்ணாடி பறந்து போய்ச் சீமெந்தில் விழுந்து உடைந்தது. மூக்கிலிருந்து இரத்தம் வந்து வெள்ளைச் சாரியில் சொட்டியது. வளவு முழுக்க ஆட்கள். அவர் குனிந்து கண்ணாடியைத் தடவித் தேடினார். என் உள்ளங்கை சுட்டுக்கொண்டிருந்தது. வாழ்க்கையில் முதன்முதலாக ஒருவரை அடித்தேன், அதுவும் உண்மையைச் சொன்னதற்காக. அந்த நிமிசம் அவனுக்கும் எனக்கும் பெரிய தூரம் இல்லை என்று தெரிந்தது.

அதன்பிறகு எங்கள் கோயில் பங்கில் என்னோடு யாரும் கதைக்கவில்லை. ஃபாதர் கூப்பிட்டு, "அக்கா, கோயிலை இதுக்குள்ள இழுக்காதீங்க," என்றார். இளம் ஆள், பாவம், களைத்துப் போயிருந்தார்.

அவனைப் பொலிஸ் பிடித்து இரண்டு கிழமை உள்ளே வைத்து, பிணையில் விட்டார்கள். அவள் படியில் வழுக்கி விழுந்ததாக அவன் பொலிசில் சொல்லியிருந்தான். வீட்டுக்கார அம்மா அலறலைக் கேட்டாவே தவிர அடித்ததைக் காணவில்லை. கண்டது பிள்ளை மட்டும். பழைய காயங்களைக் கண்டவள் நான், படமும் என்னிடம் இருந்தது. பொலிஸ் என்னைச் சாட்சியாகப் போட்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் சாப்பாட்டு நேரம், ஒபிஸ் வாசலில் அவன் நின்றான். சுத்தமான வெள்ளைச் சேட். அதே குரல்.

"அக்கா, ஒரு நிமிசம். கை வச்சது நான்தான். அதை நான் ஆண்டவர்ட்டச் சொல்லி அழுதிட்டன். ஆனா வழி காட்டினது நீங்க. ரீச்சர் எனக்கு எல்லாம் சொன்னவ."

நான் உள்ளே போகத் திரும்பினேன். மணிக்கட்டைப் பிடித்தான். வெளியே பார்க்கிறவர்களுக்குக் கை குடுக்கிற மாதிரி இருந்திருக்கும். மெல்ல முறுக்கினான்.

"அவளுக்கு இன்னும் தெரியாதாமே. நீங்க கோட்டுக்கு வராட்டி அது எங்க ரெண்டு பேருக்குள்ள கிடக்கும். வந்தா, முதல் கேள்வியே அதுதான். எங்கட லோயர் அவளுக்கு முன்னாலயே கேப்பார்."

இன்னும் முறுக்கினான். எலும்பில் 'டக்' என்றது. எனக்குக் கண் இருண்டது. அவன் சிரித்தபடியே கையை விட்டு, "ஆண்டவர்ட காவல் சம்மனசு உங்களோட இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ரோட்டைக் கடந்து போனான்.

கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு, அடுத்த நாளே களனிப் பக்கம் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து அவளைக் கொண்டுவந்து கன்னியாஸ்திரிகள் நடத்துகிற ஒரு இல்லத்தில் வைத்திருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது ஆயிரம் மாதிரிச் சொல்லிப் பார்த்தேன். அங்கே போனதும் எல்லாம் மறந்துவிட்டது.

அவள் கட்டிலில் இருந்து மக்கில் குழாய் வைத்துச் சூப் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மகள் கீழே இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். நான் பிள்ளையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"பிள்ளை சொல்லேல்லை. நான்தான் சொன்னனான். செபக் கூட்டத்தில, ஹெந்தளை எண்டு, எல்லாருக்கும் கேக்கச் சொன்னனான்."

அவள் முதலில் அசையவில்லை. பிறகு மக் என் முகத்துக்கு வந்தது. சூடான சூப்பும் எனாமல் மக்கும். புருவம் கிழிந்தது. அவள் எழும்பி வந்து என் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு கொப்பியால் அடித்தாள், முகத்தில், காதில், மாவுக்கட்டில். கம்பி கட்டிய பற்களுக்குள்ளால் எச்சிலும் சத்தமும் வந்தன. ஒரு சொல்லும் இல்லை. சிஸ்டர் ஓடிவந்து பிரித்தா. நான் கையைத் தூக்கவில்லை, தடுக்கவும் இல்லை. அது பெருந்தன்மை இல்லை. அடிதான் வேண்டியிருந்தது.

பிறகு அவள் மகளுக்கு முன்னால் முழங்காலில் விழுந்தாள். தான் கிள்ளிய கையை எடுத்து, அந்தத் தழும்புகளில் தன் உடைந்த முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். பிள்ளைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தாயின் தலையைத் தடவிக் கொடுத்தது.

எனக்குக் கொப்பியில் ஒரு சொல் எழுதிக் காட்டினாள். "போ."

கதவடிக்கு வந்துவிட்டேன். பின்னால் கட்டில் கம்பியில் பேனையால் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பினேன். அவள் கொப்பியின் இன்னொரு பக்கத்தைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"கோட்டுக்கு வந்து சொல்லு. எல்லாத்தையும்."

தவணை மேல் தவணையாக வழக்கு இரண்டு வருசம் இழுபட்டது. அதற்குள் என் வீட்டு யன்னல் இரண்டு தரம் கல்லால் உடைந்தது. கோயில் பெஞ்சில் நான் இருந்தால் பக்கத்தில் இருப்பவர் எழும்பித் தள்ளிப் போவார். நான் பூசையை விடவில்லை. வாசகம் வாசிக்க அவனுக்குப் பதிலாக வேறு ஒருவரைப் போட்டார்கள்.

நான் கூண்டில் ஏறிய நாள் அவனுடைய லோயர் சொன்னபடியே தொடங்கினார். அவர் சிங்களத்தில் கேட்க, மொழிபெயர்ப்பாளர் தமிழில் எனக்குச் சொன்னார். எழுபது வயது ஆசிரியைக்கு அடித்தது நீங்கள்தானே? ஓம். சொந்தக் கூட்டாளி ஒளிந்திருந்த இடத்தை வெளியே சொன்னது நீங்கள்தானே? ஓம், நான்தான் சொன்னனான். ஆஸ்பத்திரியில் அவளிடம் பொய் சொன்னதும் நீங்கள்தானே? ஓம்.

"இப்படிப்பட்டவரின் வார்த்தையை நீதிமன்றம் ஏன் நம்ப வேண்டும்?"

"நான் செய்ததை நான் மறைக்கேல்லை," என்றேன். "கை வச்சது தான்தான் எண்டு அவர் எனக்குச் சொன்னவர். அண்டைக்கே என்ட கையையும் முறிச்சவர். ரெண்டையும் சொல்லத்தான் வந்தனான்." அவனுக்கு இருந்த குரலில் கால்வாசியும் எனக்கு இல்லை. படத்தையும் கொடுத்தேன்.

அடுத்த தவணைக்குச் சாட்சி சொல்லக் கூண்டில் ஏறியவரை நான் எதிர்பார்க்கவே இல்லை. அந்த ரீச்சர். தானாகவே பொலிசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்திருந்தார். புதுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, வகுப்பில் பாடம் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"இடத்தை அவருக்குச் சொன்னது நான். அப்ப அவர், 'செவ்வாய்க்கிழமை போய் அவள்ட வாயை உடைக்கிறன்' எண்டு சொன்னவர். ஆம்பிளையள் கோவத்தில கதைக்கிறதுதானே எண்டு நான் பேசாம இருந்திட்டன். அது என்ட பாவம்."

அவருடைய சாட்சிக்குப் பிறகுதான் வழக்கு திரும்பியது. அவன் உள்ளே போனான். தீர்ப்பு வாசித்த அன்று வெளியே அவனுடைய தம்பி ரீச்சரின் முகத்தில் காறித் துப்பினான். நான் என் சாரித் தலைப்பால் துடைக்கப் போனேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு, "நான் துடைப்பன்," என்றார். எனக்கு அவர் மன்னிப்புத் தரவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஞாயிறுகளில் என் பெஞ்சில் வந்து இருக்கிறார்.

அவள் இப்போது வெள்ளவத்தையில், காலி வீதியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறாள். கதைக்கும்போது தாடை ஒரு பக்கம் சொடுக்கும். இறைச்சி கடிக்க ஏலாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடைக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்திப்போம். தீர்ப்புக்குப் பிறகு முதல் தரம் சந்திக்க ஒரு வருசத்துக்கு மேல் போனது. அன்றைக்கு அவள் இடியப்பத்தைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"உன்னை மன்னிச்சிட்டன்," என்றாள் கடைசியில். "சும்மா வாயால சொல்லேல்லை. உண்மையாத்தான். ஆனா எந்த ஒழுங்கையில இருக்கிறன், எந்த வீடு எண்டு மட்டும் என்னட்டக் கேக்காத. ஒருநாளும் கேக்காத."

"ஓம்," என்றேன்.

மகளுக்குப் போன வருசம் கோயிலில் உறுதிபூசுதல் நடந்தது. வேறு ஒருத்தியைத்தான் ஞானத்தாயாக வைத்தார்கள். எனக்குச் சொன்னார்கள், நான் போய்ப் பின்னால் இருந்தேன். பிள்ளை வெளியே வந்து என்னைக் கட்டிப் பிடித்தது. என்னைவிட உயரமாகிவிட்டாள்.

அந்தச் சனிக்கிழமைகளில் சாப்பிட்டு முடிந்ததும் என் கூட்டாளிதான் முதலில் எழும்புவாள். பையை எடுத்து, தாடையைக் கையால் ஒருமுறை பிடித்துச் சரிசெய்துவிட்டு, "அப்ப வாறன்" என்று சொல்லிப் போவாள். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு இருப்பேன், அவள் வலது பக்கம் போகிறாளா இடது பக்கம் போகிறாளா என்று எனக்குத் தெரியக் கூடாது. பிறகு இன்னொரு தேத்தண்ணிக்குச் சொல்லி, அது ஆறும் மட்டும் இருந்துவிட்டு, கொட்டாஞ்சேனை பஸ்ஸைப் பிடிப்பேன்.